மடியில் கிடக்கும் கால்சட்டை

கணவரின் கெண்டைக்காலிலும் தொடையிலும் இடுப்பிலும் சுற்றிய பட்டைகள், இதயத் துடிப்புக்கு ஏற்பக் காற்று நிரம்பி இறுகி, புஸ்ஸென்று தளர்கின்றன. நெஞ்சுவலிக்கு இருபதாவது நாளாக இந்தச் சிகிச்சை. தொப்பை குலுங்க அவர் கட்டிலில் துள்ளித் துள்ளி விழுவதைப் பார்க்க இவளுக்குக் குமட்டுகிறது. முந்தைய நோயாளியின் வியர்வை இன்னும் பட்டைகளில் நாறுகிறது. கணவர் கழற்றிப் போட்ட கால்சட்டை இவள் மடியில் கிடக்கிறது. அதன் பையில் சிகரெட் பெட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. "சிகரெட்ட விட்டுட்டீங்கல்ல சார்? இல்லன்னா இதெல்லாம் வீண்தான்," என்கிறாள் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண். "தொட்டே மூணு மாசமாச்சும்மா. நம்பலன்னா எங்க வீட்டு சிஐடியக் கேளு." அந்தப் பெண் சிரித்தபடி இவள் பக்கம் திரும்புகிறாள். இவள் கை பெட்டியின் மேல் அழுந்துகிறது. "விட்டுட்டார்மா." முப்பது வருஷமாக அவருக்காகப் பொய் சொல்லிப் பழகிய நாக்கு, கொஞ்சமும் தடுமாறவில்லை. வாயில் எச்சில் கசந்து ஊறுகிறது. துப்ப இடமில்லாமல் விழுங்குகிறாள்.