தலைவரின் ஒரே மகள்

"பிள்ளைக்கு மேல் நெருப்பாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமப்பா," என்றாள் செலஸ்ரீனா.

"விசர்க்கதை கதைக்காதை," என்றான் அவள் கணவன் றஞ்சித். "கையிலை ஒரு ஒழுங்கான கடதாசியும் இல்லாத பிள்ளை. ஆரின்ரை பிள்ளையெண்டு கேட்டால் விஷயம் பொலிசுக்குப் போயிடும். முதல்லை தேப்பன் ஓமெண்டு சொல்லட்டும்."

செலஸ்ரீனாவிடம் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: பெயர் லக்ஷனா. வயது ஏழு. சென்னையில் இருந்துகொண்டு இயக்கம் நடத்தும் தோழர் விதுரனின் ஒரே மகள். இயக்கம் உடைந்தபோது றஞ்சித்தின் அணி ஆட்கள் ஏழு பேரை விதுரன் பிடித்து வைத்துக்கொண்டார். அவர்களை மீட்க, அவர் வீட்டு வாசலிலேயே பிள்ளையைத் தூக்கி, கள்ளப் பாஸ்போட்டில் இத்தாலியின் பலேர்மோவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பலேர்மோவின் சீசா வட்டாரத்தில் இருந்த அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குப் பிள்ளை வந்து மூன்று வாரம். "அம்மா" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை.

றஞ்சித் சென்னைக்குப் போன் எடுத்து, ரிசீவரை அவள் வாயருகே பிடித்தான்.

"அம்மாட்டைப் போகப்போறன்..."

"கேட்டியளே தோழர்? எங்கடை பொடியளை விடுங்கோ. இப்பவே டொக்டரிட்டைக் காட்டுறம்."

மறுமுனையில் குரல் நடுங்கவே இல்லை. "எனக்கு ஆயிரம் பிள்ளையள். ஒரு பிள்ளைக்காக இயக்கத்தை விக்க மாட்டன்."

றஞ்சித் ரிசீவரை வைத்தான். "எதிரியெண்டாலும், அந்தாள் தலைவன்தான்," என்றான்.

செலஸ்ரீனா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், குழாய் பொருத்தினார்கள். எல்லாமே பிந்திவிட்டது. அன்று பின்னேரம் அவளுடைய விரலைப் பிடித்தபடியே பிள்ளை அடங்கிப்போனாள்.

பொலிஸ் வந்து றஞ்சித்தைக் கொண்டுபோனது. அடக்கம் முடிந்த மறுநாள், கல்நெஞ்சனானாலும் பெற்றவனுக்குச் சொல்லவேண்டுமே என்று செலஸ்ரீனா அந்த நம்பரைச் சுழற்றினாள்.

ஒரு சிறுமி எடுத்தாள்.

"தோழர் விதுரனைக் கூப்பிடு பிள்ளை. அவரின்ரை மகளைப் பற்றிக் கதைக்கவேணும். லக்ஷனாவைப் பற்றி."

"நான்தானே அன்ரி லக்ஷனா!" சிறுமி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்கடை வீட்டிலை சமைக்கிற அன்ரியின்ரை மகளைத்தான் ஆரோ நானெண்டு நினைச்சுத் தூக்கிக்கொண்டு போயிட்டினம். அதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு அப்பா சொன்னவர்."