மேலே வந்த மீன்கள்

கோயில் குளத்து மீன்கள் தங்கள் குறைகளை எடுத்துச் சொல்ல ஓர் ஆமையைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. ஆமை கடமை தவறாதது. தினமும் காலையில் படிக்கட்டில் உட்கார்ந்து, பக்தர்கள் வீசும் பொரிக்காக வரும் மீன்களிடம், "என்னப்பா வேணும்?" என்று விசாரிக்கும். "பொரி பத்தலை தலைவரே" என்று அவை மென்றுகொண்டே சொல்லும்.

ஒருநாள் குளத்தின் அடியில் வசிக்கும் கெளுத்தி ஒன்று திணறிக்கொண்டு மேலே வந்தது.

"தலைவரே, சாக்கடைத் தண்ணி உள்ளே வருது. கீழே மூச்சு விட முடியலை. ஒரு தடவை இறங்கி வந்து பாருங்க."

"கீழே எல்லாரும் இதையேதான் சொல்றாங்களா?"

"மேலே வந்து சொல்ல அவங்களுக்குத் தெம்பில்லை."

"அப்ப இது உன் ஒருத்தனோட கருத்து. நான் தினமும் நூறு பேரைக் கேட்கிறேன். ஒருத்தர்கூடச் சாக்கடைன்னு சொல்லலையே."

கெளுத்தி திரும்பிப் போனது.

அடுத்த வாரம் ஒரு காலையில் குளத்து மீன்கள் மொத்தமும் மேலே வந்திருந்தன. வெள்ளை வயிறு தெரிய, வாய் திறந்தபடி, அசையாமல் மிதந்தன.

ஆமைக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துப் படியில் இருந்த தவளையிடம் சொன்னது:

"பார்த்தியா, அடியில இருக்கிறவங்களும் வந்துட்டாங்க. எல்லாரும் வாயைத் திறந்து பொரிதான் கேட்கிறாங்க."