பலூனுக்கு அஞ்சாத பை

கசில்தா அக்கா பையைத் தூக்கி என் முன்னால் போட்டபோது தையல் மெஷினே ஒரு ஆட்டம் ஆடியது.

பொலிவியாவின் ஒரூரோ நகரச் சந்தையில் லாரிக்காரர்கள் தார்ப்பாய் தைத்துக்கொள்ளும் கடை அது. அங்கே போய் நான் கேமரா பை கேட்டிருந்தேன்.

வேறு வழியில்லை. போன வருடத் திருவிழாவில் எந்தப் புண்ணியவானோ வீசிய தண்ணீர் பலூன் என் தோளில் வெடித்தது. அழகான கடைப் பை நனைந்தது, உள்ளே கேமரா செத்தது. பிசாசு வேடக் குழுவினர் கொம்பும் முகமூடியுமாகப் படத்துக்கு நிற்க, நான் பையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

நாளை மறுபடியும் ஊர்வலம். இந்த முறையும் சொதப்பினால் படமெடுக்கும் வேலை என் மைத்துனன் வில்பிரெடோவுக்கு. அவனிடம் இருப்பது ஒரு கைப்பேசி, அதுவும் திரை விரிசல் விட்டது.

அதனால் அக்காவைப் பாடாய்ப் படுத்தியிருந்தேன். இரட்டைத் தையல். தையலுக்கு மேல் ரப்பர் பசை. தோள் வாருக்கு எங்கள் மலை மிருகமான லாமாவின் தோல். திருடனுக்குப் பயந்து அடியில் ஒரு கள்ள அறை, அதை மறைக்க மேலே ஸ்பாஞ்சுத் தட்டு.

புதுக் கேமராவை அதில் வைத்து அளவு பார்த்தோம். தட்டைப் போட்டு மூடினால் அடியில் ஓர் அறை இருப்பதே தெரியவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா பீர் பாட்டிலைத் திறந்தார். புதுப் பொருளுக்குப் பூமித்தாயின் பங்கை ஊற்றாமல் எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் எதற்கு வம்பு.

தரையில் கொஞ்சம், பையின் மூலைகளில் கொஞ்சம், எங்கள் தொண்டையில் மீதி.

பையில் விழுந்த பீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நான் பூரித்துப்போனேன். அக்காவின் முகம் சுருங்கியது.

“தம்பி, தாய் குடிக்க மாட்டேங்கிறாளே. ஊத்துனா ஊறணும். இப்படித் தட்டிவிட்டாள்னா நாளைக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு அர்த்தம்.”

போன வருடப் பைக்கு நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுபடி ஊற்றினோம். மறுபடி உருண்டது. பக்கத்துக் கடைக்காரர்களும் பாட்டிலோடு வந்து ஊற்றிப் பார்த்தார்கள். அவர்களுடைய பீரும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஊற்றத் தூக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் நாங்கள் ஒரு வாய் குடித்தது மட்டும் வீணாகவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அது பீருடைய யோசனை என்றுதான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

“வெளியதானக்கா தார்ப்பாய். உள்ள ஸ்பாஞ்சு இருக்குல்ல?”

ஜிப்பைத் திறந்து ஒரு முழு பாட்டிலைக் கவிழ்த்தேன். ஸ்பாஞ்சு மடமடவென்று குடித்தது. தாய் ஏற்றுக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். நிம்மதியில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவள் வயிறு நிறையட்டும் என்று இன்னொன்றையும் கவிழ்த்தேன்.

கிளம்பலாம் என்று கேமராவைத் தேடினேன். மேசையில் இல்லை. மேசைக்கு அடியிலும் இல்லை.

பையைத் தூக்கினேன். அடியில் ஏதோ தளும்பியது.

அக்கா குனிந்து பையின் அடிப்பக்கத்தைத் தடவினார். முகமெல்லாம் பெருமை.

“என் தையலப் பாத்தியா தம்பி. இவ்வளவு ஊத்தியும் ஒரு சொட்டு வெளிய வரல.”