திரும்பி வந்த லைன்

செபு நகரில் நாற்காலி ஏற்றுமதி செய்யும் அந்த அலுவலகத்தில், வரும் போன்களை எடுப்பது மாரிவிக்கின் வேலை. ஆள் இடத்தில் இல்லையென்றால் லைனைத் துண்டிக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். யாரும் எடுக்காவிட்டால் அந்த லைன் நிறுத்தியவரிடமே திரும்பி வரும்.

போன மாதம் கணக்கர் நோலி, மாரிவிக் மைக்கில் கூப்பிட்டதும், லைனில் காத்திருந்த மனைவியிடம் பேச அவசரமாக மாடிப்படி ஏறும்போது விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தப் பழைய போன்களையே மாற்றிவிட்டார்கள்.

இன்று அவர் மனைவி எஸ்தெலா, அவருடைய சாமான்களை வாங்கிப்போக வந்து எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மாரிவிக் கொடுத்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை.

போன் அடித்தது. திரையில் ‘நிறுத்திய லைன்’ என்றிருந்தது. காலையிலிருந்து அவள் எதையும் நிறுத்தவில்லை.

“என்ன தங்கச்சி, இன்னுமா வரல அந்த மனுஷன்? உங்க படி என்ன வானத்துக்கா போகுது?”

எஸ்தெலாவின் குரல். எதிரே எஸ்தெலா வாய் திறக்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்ல மாரிவிக்குக்கு வாய் வரவில்லை. துண்டிக்கவும் மனம் வரவில்லை. “ஏறிக்கிட்டுதான் இருக்காருக்கா, லைன்லயே இருங்க,” என்று அவர் விழுந்த அன்று சொன்னதையே சொல்லி, மறுபடி நிறுத்தி வைத்தாள்.

சோபாவில் இருந்த எஸ்தெலா மாடிப்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“காலடி எனக்கும் கேக்குது,” என்றாள். “மைக்கில சொல்லு தங்கச்சி, இந்தத் தடவை மெதுவா ஏறி வரட்டும்.”