நீக்கிய பேட்ச்

எங்கள் இயங்குதளத்துக்குக் காவலாக இருக்கும் மென்பொருள் வெளியார் எழுதியது. அதன்மேல் எங்கள் திருத்தங்களைப் பேட்ச்களாக ஒட்டி வைத்திருக்கிறோம். வெளியாரின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அவற்றை மறுபடி ஒட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் எங்களை நம்பியிருக்கும் மருத்துவமனைகளின் கணினிகள் திறந்து கிடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜபருல்லா பார்த்த வேலை இது. போன ரம்ஜானுக்கு முன் அவன் இறந்த பிறகு, ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடி நான் பார்க்கிறேன்.

இம்முறை ஓர் ஓட்டையைத் தாங்களே அடைத்துவிட்டதாக வெளியார் அறிவித்தார்கள். அதற்கு ஜபருல்லா போட்டிருந்த பேட்சை நீக்கினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அது மறுபடி இருந்தது, அவன் பெயரிலேயே. குறிப்பில் ஒரு வரி கூடியிருந்தது: "செத்த நேரம் இருக்கட்டும்லே."

சோதனை பார்க்கும் சுமையாவை போனில் அழைத்தேன். "ஏம்மா, நீ போட்டியா?"

"நான் எதுக்குண்ணே தொடுதேன்? நீங்கதான் ஒட்டுறதும் பிய்க்கிறதுமா இருக்கிய. கெடந்துட்டுப் போகுது, சோறா கேக்குது?"

அப்படியே வெளியிட்டோம்.

அடுத்த வாரம் வெளியார் மன்னிப்புக் கேட்டார்கள். அவர்கள் அடைத்த இடம் சரியாக அடைபடவில்லை. எங்கெங்கோ கணினிகள் பறிபோயின. எங்கள் மருத்துவமனைகளில் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பேட்சைத் திறந்து அவன் பெயரைப் பார்த்தேன். பிறகு, "நல்லா இருடா" என்றேன்.

வெளியாரிடமிருந்து சரியான திருத்தம் வந்த அன்று பேட்சை நீக்கப் போனேன். அது ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் ஜபருல்லா. காரணம் எழுதும் இடத்தில், வீட்டுக்குக் கிளம்பும்போது அவன் எப்போதும் சொல்லும் ஒரே சொல்: "வாரேன்."