விரல் பட்ட அளவு

ஞாயிறன்று ராலிட்சா விடுதியில் தனியாகக் கிடந்தாள். அறைத்தோழியும் வகுப்புத்தோழியுமான வெலினா, இவளுடைய கம்மலை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். காதலன் பிளாமனுக்கோ கல்லூரிப் பாடத்துக்காக மின்தடைகளை அளக்கும் வேலை.

மறுநாள் பிளவ்டிவ் கல்லூரி ஆய்வகத்தில் அவன் சொன்னான்: "நேத்து பூரா வீட்டுல தனியா உக்காந்து அளந்தேன். இந்த ரெசிஸ்டர் ஆறு லட்சம் ஓம் காட்டுச்சு."

அவள் சிரித்தாள். "அது பத்து லட்சம்டா. ரெண்டு முனையையும் விரலால பிடிச்சா, நம்ம உடம்பும் சேர்ந்து அளவு குறைஞ்சிடும்."

"நான் என்னிக்கு விரலால பிடிச்சேன்? எப்பவும் கிளிப் மாட்டித்தானே அளப்பேன்."

உண்மைதான். அவள் சிரிப்பு நின்றுபோனது.

"வெலினாவுக்கு ரெண்டு கிளிப் வாங்கிக் குடு. எத்தனை தடவை சொன்னாலும் அவ விரலை எடுக்க மாட்டா. கம்மலையும் அவளே வெச்சுக்கட்டும்."