பகலுக்கு ஒரு ஆள்

"ராத்திரிக்கு வர ஒருத்தர் சம்மதிச்சுட்டாரும்மா. திங்கக்கிழமையிலேருந்து உனக்குப் பகல் ஷிஃப்ட்தான்," என்றார் சூப்பர்வைசர்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"யாரு சார் அந்தப் புண்ணியவான்? கையெடுத்துக் கும்பிடணும்."

"அப்புறம் சொல்றேன். முதல்ல லைனைப் பாரு." அவர் நகர்ந்துவிட்டார்.

அது கண்ணாடி பாட்டில் செய்யும் கம்பெனி. உலையை அணைக்க முடியாது என்பதால் இரவும் பகலும் ஓடும். விளக்கு வெளிச்சத்தில் பாட்டில்களைப் பார்த்து, கீறல் விழுந்ததைத் தனியே எடுத்துப் போடுவது அவள் வேலை. அவள் புருஷனுக்கும் அதே வேலைதான். அவனுக்குப் பகல் பன்னிரண்டு மணி நேரம், அவளுக்கு இரவு பன்னிரண்டு மணி நேரம். காலையில் அவள் எழுந்த ஸ்டூலில் அவன் வந்து உட்காருவான். கல்யாணமான புதிதிலிருந்து இதுதான் குடித்தனம். வார விடுமுறை என்பதும் அங்கே கிடையாது.

மாற வேண்டுமானால் எதிர் ஷிஃப்டிலிருந்து ஒரு ஆள் வர வேண்டும். தூக்கத்தைத் தொலைக்க எந்த மடையன் வருவான்? அவளும் சூப்பர்வைசரிடம் கெஞ்சாத நாளில்லை. 'எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், திடீர்னு போய் அவர் பக்கத்துல உட்காரணும்' என்று வேறு சொல்லி வைத்திருந்தாள்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த நெட்டையான அக்கா சிரித்தாள். "என்னடி, மூஞ்சியெல்லாம் பல்லா இருக்கு?"

"இனிமே ஒரே நேரத்துல சாப்பிடுவோம்க்கா, ஒரே நேரத்துல விளக்கை அணைப்போம். அவருக்குக் குறட்டை வருமான்னுகூட எனக்குத் தெரியாது."

"தெரியாத வரைக்கும் நிம்மதி. என் வீட்டுல கூரை பறக்குது."

"பறக்கட்டுமே. அதைக் கேக்கத்தான் இத்தனை வருஷமா ஏங்கறேன்." சொல்லிக்கொண்டே அடுத்த பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்தாள்.

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சூப்பர்வைசரைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். "இப்பவாவது சொல்லுங்க சார், யாரு?"

அவர் தலையைச் சொறிந்தார். "உன் வீட்டுக்காரர்தாம்மா."

ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

"ஐயோ, பைத்தியக்கார மனுஷன். என்கூட இருக்கணும்னு எனக்கே தெரியாம ராத்திரிக்கு மாத்திக் கேட்டிருக்காரு. நான் பகலுக்குக் கேட்டது அவருக்கு எப்படித் தெரியும், பாவம். நான் ஒரு பைத்தியம், அவர் ஒரு பைத்தியம்."

சூப்பர்வைசர் உலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பரவாயில்ல சார், ஒண்ணும் கெட்டுப் போகல. என்னை மாத்த வேணாம். நான் ராத்திரியிலயே இருந்துக்கறேன், அவர் மட்டும் வரட்டும். தூக்கம் போனா போகுது, ரெண்டு பேரும் சேர்ந்தே கண்ணு முழிக்கறோம்."

"அது நடக்காதும்மா."

"ஏன் சார்? வேற ஆளைப் பிடிச்சா போச்சு."

"ஆள் பிரச்னை இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ கெஞ்சறதைப் பார்க்க முடியாம, யாரையாவது பேசி அனுப்பட்டுமேன்னு போன வாரமே அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன். 'அவ பகலுக்கு வந்தா என்னை ராத்திரிக்குப் போட்டுடுங்க. அவ ராத்திரியிலயே இருந்தா நான் பகல்லயே இருந்துக்கறேன்'னு சொன்னாரும்மா."